டேப் நல்லதுதான், பிட் எங்கே?

போன வாரம் நண்பர் ஒருவர் படம் ஒன்றை அனுப்பி, "இதே செட்தானே உங்ககிட்ட இருக்கு? விலை பாதியா இறங்கியிருக்கு, வாங்கலாமா?" என்று கேட்டிருந்தார். அதே செட்தான். ஜி-1/4 டேப் (துளைக்குள் மரை வெட்டும் கருவி) இரண்டு, கைப்பிடி ஒன்று, மூடி சரியாக மூடாத பிளாஸ்டிக் டப்பா. நான்கு வருடமாக வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டர் வாட்டர் கூலிங்குக்காக 20 மி.மீ. அக்ரிலிக்கில் இருபத்தைந்து துளைகளாவது இதை வைத்து மரை போட்டிருப்பேன். "வாங்குங்க" என்று ஒரு வார்த்தை அனுப்பியிருக்கலாம். கை வரவில்லை. அந்த டப்பாவில் இல்லாத ஒரு பொருளின் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது.

11.8 மி.மீ. டிரில் பிட்.

டேப்பை விற்கிறவனுக்கு அதற்கு முன்னால் என்ன துளை போடவேண்டும் என்று தெரியும். டேப்பின் காம்பிலேயே பொறித்திருந்தால்கூட மன்னித்திருப்பேன். நான் இருப்பது கோவை. பம்பும் மோட்டாரும் செய்கிற ஊரில் கால் இஞ்ச் பிஎஸ்பி என்று கேட்டால் இந்த ஜி-1/4 பைப் மரை டேப் எந்த டூல்ஸ் கடையிலும் கிடைக்கும். ஆனால் 11.8 பிட் கேட்டு நான் ஏறி இறங்கிய மூன்று கடைகளிலும் அரை மில்லி அரை மில்லியாகத்தான் அடுக்கி வைத்திருந்தார்கள். 11.5 இருக்கிறது, 12 இருக்கிறது. "பன்னெண்டே போடுங்க, ஒண்ணும் ஆகாதுங்க" என்றார் ஒரு கடைக்காரர்.

அவர் சொன்னது முழுப் பொய் இல்லை. இந்த மரையின் வெளிவிட்டம் 13.157 மி.மீ. துளை 12 ஆக இருந்தால் முழு ஆழத்தில் மூன்றில் இரண்டு பங்கு மரை கிடைத்துவிடும், குழாயை மாட்டும் ஃபிட்டிங்கும் பிடிக்கும். ஆனால் அது காகிதக் கணக்கு. என் மலிவு பிட் கொஞ்சம் ஆடும், 12 என்று போட்டால் துளை 12.2 ஆகிவிடும். அப்படிப் போட்ட முதல் ரிசர்வாயரில் (தண்ணீர்த் தொட்டி) ஆறு துளைகள். நான்கு இன்றுவரை ஒழுங்காக இருக்கின்றன. மற்ற இரண்டில் ஃபிட்டிங்கை மூன்றாவது முறை கழற்றி மாட்டியபோது மரை வெள்ளைத் தூளாக உதிர்ந்தது.

சரி, அடுத்த பலகைக்கு 11.5 போட்டேன். இந்த மரைக்கான தரநிலையில் துளைக்குச் சொல்லியிருக்கும் அளவு 11.445 முதல் 11.890 வரை என்பதால் 11.5 தப்பே இல்லை. ஆனால் டேப் அறுக்கவேண்டிய சதை அதிகம். கையில் இறுக்கம் தெரிந்தது. நான்தான் அடம்பிடித்துத் திருகினேன். விளிம்பிலிருந்து ஆறு மில்லி தள்ளியிருந்த துளை "டக்" என்று வாயைப் பிளந்தது. அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை.

கடைசியில் பிட் கிடைத்தது எங்கள் தெரு முனை லேத் பட்டறையில். "கால் பிஎஸ்பிக்கு 11.8 தானுங்க, இதுக்கா இத்தனை அலைச்சல்?" என்று மேசை இழுப்பறையிலிருந்து எடுத்தார். அப்புறம் கேட்காமலே இன்னொரு வேலையும் செய்து கொடுத்தார். இரும்புக்குத் தீட்டிய பிட் அக்ரிலிக்கில் திருகாணி மாதிரி தானே உள்ளே இழுத்துக்கொண்டு போகும், அடியில் வெளியேறும்போது சில்லாகப் பெயர்த்துவிடும். வெட்டும் இரண்டு உதடுகளையும் சாணைக் கல்லில் லேசாகத் தட்டையாக்கினால் இழுக்காது, சுரண்டிக்கொண்டே இறங்கும். சின்னத் துளை போட்டுவிட்டுப் பெரிய பிட் போடுகிற வழக்கத்தையும் அதோடு விட்டேன். இங்கே அது இழுப்பைக் கூட்டத்தான் செய்கிறது. அடியில் பலகைத் துண்டு, மேலே சோப்புத் தண்ணீர், குறைந்த வேகம், அடிக்கடி மேலே தூக்குவது. புளிப்பும் இனிப்புமாக ஒரு வாடை வந்தால் உருகத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

இப்போது டேப்பைப் பற்றி. நியாயமாகச் சொன்னால் குறை சொல்ல எதுவுமில்லை. முதல் டேப்பின் முனை நீளமாகச் சரிந்திருக்கும். பெஞ்ச் டிரில்லின் சக்கில் மாட்டி, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கையால் சுற்றி ஆரம்பித்தால் நேராக இறங்குகிறது. இரண்டாவது டேப், அடைபட்ட துளையின் அடிவரை மரையைக் கொண்டுபோகிறது. அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று போய், கடைசியில் சோப்புத் தண்ணீரை ஊற்றிக் கழுவும்போது வார்ப்பு அக்ரிலிக்குக்குள் அந்தச் சுருள் தெரியும் பாருங்கள், அதற்காகவே இன்னொரு துளை போடத் தோன்றும். தேவையில்லாமல் இரண்டு போட்டு, இப்போது பிளக் போட்டு மூடியும் வைத்திருக்கிறேன்.

முன்பெல்லாம் நான் டேப்பைத் திட்டியதிலும் பாதி அநியாயம். ஒருமுறை மரையைச் சுற்றித் தலைமுடி போன்ற கோடுகள் ஓடின. விளம்பரப் பலகைக் கடையில் லேசரில் வெட்டி வாங்கிய துண்டு அது. லேசர் விளிம்பில் உள்ளுக்குள் ஓர் இறுக்கம் தங்கிவிடும், மரை போட்ட இடத்திலும் கொஞ்சம் தங்கும், அதன்மேல் ஆல்கஹால் பட்டால் இப்படிக் கோடு விடும். பளிச்சென்று இருக்கட்டும் என்று அதை ஐசோபுரொபைல் ஆல்கஹால் வைத்துத் துடைத்தது நான். டேப் என்ன செய்யும்? அதேபோல முதல் வருடம் மரையில் டெஃப்லான் நாடா சுற்றி ஸ்பேனரில் இறுக்கியதும் நான்தான். தண்ணீரை நிறுத்துவது மரை இல்லை, துளை வாயைச் சுற்றிய முகத்தில் உட்காரும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம். அதற்கு விரல் இறுக்கம் போதும், துளை வாயில் பிசிறு போகும் அளவுக்கு மட்டும் சாய்வு போதும்.

அப்புறம் பக்கத்து வீட்டு அண்ணன். கம்ப்ரசருக்கு ஒரே ஒரு மரை என்று டேப்பை வாங்கிப் போய் இரும்பில் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். இரண்டு பல் மழுங்கி வந்தது. அடுத்த அக்ரிலிக் துளை, நாய் கடித்த மாதிரி வெளுத்துப்போனது. முதல் டேப்பை மட்டும் தனியாக வாங்கி மாற்றினேன். அண்ணனிடம் எதுவும் சொல்லவில்லை, எப்படிச் சொல்வது?

இத்தனையும் யோசித்துவிட்டு நண்பருக்கு "வாங்காதீங்க" என்று அனுப்பினேன். அவருக்கு வேண்டிய நான்கு துளைகளுக்காக ஒரு செட், அதற்குமேல் பிட் தேடி ஒரு வாரம், சாணைக்கு ஒருநாள். பாதி விலை என்றாலும் பிட் இல்லாத டப்பா எனக்கு அரை டப்பாதான்.

"அப்ப உங்க செட்டையே ரெண்டு நாளைக்குக் குடுங்களேன்" என்று பதில் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அக்ரிலிக்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன், அடியில் வைக்க ஒரு பலகைத் துண்டோடு. என் 11.8 வாசல் தாண்டாது.