கீழாநெல்லியா, அதன் பங்காளியா?

ஐப்பசியில் பிடித்த மழை ஓய்வதற்குள் எங்கள் வீட்டுத் துவைகல்லின் ஓரத்திலும் செம்பருத்தித் தொட்டியிலும் ஒரு சாண் உயரத்தில் சில செடிகள் தாமாக முளைத்திருந்தன. பார்த்தவர் அனைவரும் கீழாநெல்லி என்றே சொன்னார்கள். நான்கைந்தை வேரோடு பிடுங்கிப் பழைய நாளிதழின் மேல் வரிசையாகப் பரப்பிய பிறகுதான், அவை ஒரே இனமல்ல என்பது எனக்குப் புரிந்தது.

கீழாநெல்லி என்று தவறாக எண்ணப்படும் செடிகளில் அம்மான் பச்சரிசியை விலக்குவது எளிது. கிள்ளினால் பால் வடியும். இலைகள் எதிரெதிராக அமைந்திருக்கும். கீழாநெல்லி வகையில் பாலும் இல்லை, எதிரடுக்கு இலைகளும் இல்லை.

கீழாநெல்லியின் நெருங்கிய இனமான மேலாநெல்லியைப் பிரித்தறியச் சற்றுப் பொறுமை வேண்டும். கீழாநெல்லியின் நடுத்தண்டில் முழு இலைகள் இருப்பதில்லை. பக்கக் கிளைகளில்தான் சிற்றிலைகள் இரு வரிசையாக அடுக்கப்பட்டிருப்பதால், ஒவ்வொரு கிளையும் புளியிலையைப் போன்ற கூட்டிலை என்றே கண்ணுக்குத் தோன்றும். மேலாநெல்லியிலோ நடுத்தண்டிலேயே இலைகள் உண்டு; அடியில் குறுகி நுனியில் அகன்று, ஆப்பு வடிவில் அவை இருக்கும். தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் இச்செடிக்கு இட்ட 'மடராஸ்படென்சிஸ்' என்ற பெயர் நம் மதராஸ்பட்டினத்தைக் குறிப்பது.

உண்மையான சிக்கல் பச்சைக் கீழாநெல்லிக்கும் சிவப்புக் கீழாநெல்லிக்கும் இடையில்தான். தாவரவியலில் முன்னது பிலாந்தஸ் அமாரஸ், பின்னது பிலாந்தஸ் யூரினேரியா. தண்டின் நிறத்தைக் கொண்டு முடிவு செய்வதே வழக்கம் என்றாலும், நான் அதை நம்புவதில்லை. வெயிலில் வாடிய பச்சைச் செடியின் தண்டும் சிவந்துவிடும், நிழலில் வளர்ந்த சிவப்புச் செடியும் வெளிறிவிடும். கிளையைத் திருப்பிப் போட்டுக் காயைப் பார்ப்பதே சரியான வழி. அமாரஸின் காய் வழவழப்பானது. மெல்லிய காம்பில் இலைக்கு அடியில் தொங்கும். யூரினேரியாவின் காய் ஏறத்தாழக் காம்பே இல்லாமல் கிளையோடு ஒட்டிக்கொண்டு, சொரசொரப்பாக, பெரும்பாலும் செந்நிறம் படர்ந்து இருக்கும். அப்போதும் ஐயம் தீராவிட்டால், முற்றிய காயை உள்ளங்கையில் நசுக்கி, விதையை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள்: அமாரஸின் விதையில் வரிகள் நீளவாக்கில் ஓடும், யூரினேரியாவின் விதையில் குறுக்காக ஓடும். பூவின் இதழ்களை எண்ணும் அளவுக்குக் கண் கூர்மையானவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. அமாரஸுக்கு ஐந்து, யூரினேரியாவுக்கும் மேலாநெல்லிக்கும் ஆறு.

கைபேசிச் செயலியில் படம் எடுத்துப் போட்டபோது, இரண்டுக்கும் 'பிலாந்தஸ் நிரூரி' என்ற ஒரே விடைதான் வந்தது. செயலியை மட்டும் குறை சொல்ல முடியாது. நிரூரி என்பது அமெரிக்கக் கண்டத்துச் செடி. நம் ஊர் அமாரஸை அப்பெயரால் அழைத்த பழைய இந்திய நூல்கள் ஏராளம். மேலும், மேலிருந்து எடுத்த படத்தில் காய் தெரியவே தெரியாது.

களைதானே, எதுவாக இருந்தால் என்ன என்று கேட்கலாம். மஞ்சள் காமாலை என்றதும் இதைப் பிடுங்கி அரைத்து மோரில் கலக்கும் பழக்கம் உள்ள ஊரில் அக்கேள்வி பொருந்தாது. கல்லீரல் அழற்சி 'பி' (ஹெபடைட்டிஸ் பி) வைரஸைச் சுமந்தவர்களுக்குச் சென்னையில் அமாரஸைக் கொடுத்துப் பார்த்த தியாகராஜன் குழுவினர், 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில், தொற்று இருப்பதைக் காட்டும் வைரஸின் மேற்பரப்புப் புரதம் மறைந்ததாக 1988இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினர். பின்னர் தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் செய்து பார்த்தவர்களுக்கு அந்தப் பலன் கிட்டவில்லை. சரியான இனத்தைப் பிடித்தாலே கதை இப்படி இருக்கும்போது, எந்த இனம் என்றே தெரியாததை அரைத்துக் குடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. காமாலைக்கு முதலில் தேவை இரத்தப் பரிசோதனை.

துவைகல் ஓரத்தில் இருந்தவை அமாரஸ். தொட்டியில் இருந்தவற்றில் இரண்டு யூரினேரியா, ஒன்று மேலாநெல்லி. காய்ந்தால் வெடித்து விதையைச் சிதறடிக்கும் காய்கள் இவை என்பதால், அடுத்த மழைக்கு எது எங்கே முளைக்கும் என்பது என் கையில் இல்லை.