கடிதத்தாள் பின்னணிக்கு கிம்ப்: நீண்டகாலப் பயன்பாட்டில் தெரியவந்தவை

அலங்காரக் கடிதத்தாள், குறிப்புத்தாள், நாட்குறிப்புப் பக்கம் இவற்றுக்கான பின்னணிகளைத் தொடர்ந்து செய்பவர்களுக்கு கிம்ப் என்ற படத்திருத்த மென்பொருள் போதுமா என்று கேட்டால், போதும் என்றே சொல்வேன். ஆனால் அதோடு இன்னும் இரண்டு மென்பொருள்கள் வேண்டும். ஓரக்கரைக்கும் கோடுகளுக்கும் இங்க்ஸ்கேப், தூரிகையில் வரையும் பூவேலைக்கு கிரிதா. மூன்றுமே இலவசம். கிம்ப் 2018இல் வெளிவந்த 2.10 பதிப்பிலும் 2025இல் வந்த 3.0 பதிப்பிலும் செய்த வேலைகளை வைத்து இதை எழுதுகிறேன். கடிதத்தாள் விஷயத்தில் எனக்கு ஒரே அளவுகோல்தான்: பின்னணியின் மேல் எழுத்து வந்தபிறகும் பக்கத்தைச் சிரமமில்லாமல் படிக்க முடிய வேண்டும். பின்னணியாக மட்டும் பார்க்கும்போது அழகாக இருப்பது பெரிதல்ல.

முதலில் அளவு. ஏ4 தாள் 210 × 297 மி.மீ. அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று வைத்தால் 2480 × 3508 பிக்சல். ஏ5 என்றால் 1748 × 2480. அச்சகத்துக்குப் போகும் தாளுக்கு நான்கு பக்கமும் 3 மி.மீ. கூடுதல் விட்டு 2551 × 3579இல் தொடங்குங்கள். வெட்டுக்கான இடத்தை முடிவில் சேர்க்கலாம் என்று விட்டால், வடிவங்களை இழுத்து நீட்ட வேண்டிவரும்; அது உடனே கண்ணில் தெரியும். திரையில் மட்டும் பார்க்கும் தாளுக்கு 1240 × 1754 போதும்.

திரும்பத் திரும்ப வரும் பூவேலைக்கு டைலின் (பக்கம் முழுக்க அடுக்கி நிரப்பும் ஒற்றைத் துண்டின்) அளவைத் தீர்மானிப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். 500 × 500 போன்ற முழு எண்ணை எடுத்தால் ஏ4இன் வலது ஓரத்தில் பூ பாதியில் வெட்டுப்படும். 2480, 3508 இரண்டையும் மீதியில்லாமல் வகுக்கும் பெரிய எண் 4தான். அதனால் சரியாகப் பொருந்தும் சதுர டைல் கிடையாது. ஆனால் ஏ வரிசைத் தாள்களின் நீள அகல விகிதம் ஏறக்குறைய 7க்கு 5. இதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். குறுக்கே 5, நெடுக்கே 7 என்று வைத்து 496 × 502 பிக்சலில் டைல் செய்தால் அகலம் மிகச் சரியாக முடியும், கீழே 6 பிக்சல் மட்டும் வெளியே போகும். அது அரை மில்லிமீட்டர், யாருக்கும் தெரியாது.

டைலின் ஒட்டை மறைக்கும் முறை பழையதுதான். லேயர் (படத்தின் அடுக்கு) மெனுவில் டிரான்ஸ்ஃபார்ம், அதற்குள் ஆஃப்செட். அகலத்திலும் உயரத்திலும் பாதி நகர்த்தி, சுற்றிவரும் தேர்வை வைத்தால் ஓரங்கள் நான்கும் நடுவில் வந்து சேரும். அங்கே தெரியும் சிலுவைக்கோட்டின் மேல் வரைந்து மூடிவிட்டால் ஓரம் தானாகப் பொருந்திவிடும். இதில் ஓர் இடத்தில் கவனம் தேவை. வெளியிலிருந்து ஒட்டிய லேயர் கேன்வாஸைவிடச் சிறியதாக இருந்தால், ஆஃப்செட் அந்த லேயரின் எல்லைக்குள்ளேயே சுற்றும். டைல் பொருந்தவே பொருந்தாது. காரணம் புரியாமல் மணிக்கணக்கில் தவிக்கவைக்கும் சிக்கல் இது. ஆஃப்செட் கொடுக்கும் முன் லேயரைப் படத்தின் அளவுக்கு விரிக்கும் கட்டளையைக் கொடுத்தால் தீர்ந்தது. ‘டைல் சீம்லெஸ்’ என்ற தயார் ஃபில்டரும் உண்டு. அது படத்தையும் அதன் நகர்த்திய பிரதியையும் ஒன்றோடொன்று கலக்கிறது. தாளின் சொரசொரப்புக்கு அது நல்லது; வரைந்த பூவுக்குக் கொடுத்தால் பூவுக்குப் பக்கத்தில் ஆவிபோல இன்னொரு பூ தெரியும்.

தூரிகையால் நேரடியாக வரைபவர்கள் டைலை கிரிதாவில் செய்துகொண்டு வருவது மேல். அங்கே டபிள்யூ விசையை அழுத்தினால் கேன்வாஸ் எல்லாப் பக்கமும் திரும்பத் திரும்ப விரியும். வலது ஓரத்தைத் தாண்டிப் போகும் கோடு இடது ஓரத்தில் நுழையும். பக்கம் முழுக்க எப்படி வரும் என்பது வரையும்போதே தெரிகிறது. கிம்பிலும் சமச்சீர் வரைதலில் டைலிங் இருக்கிறது, ஆனால் ஏ4 முழு அளவில் தூரிகை பின்தங்குகிறது.

டைல் தயாரானதும், தெரிவதை எல்லாம் நகலெடுக்கும் கட்டளையால் (கன்ட்ரோல், ஷிஃப்ட், சி) நகலெடுத்து, ஏ4 படத்தில் பக்கெட் ஃபில்லை பேட்டர்னுக்கு மாற்றி, கிளிப்போர்டு பேட்டர்னைத் தேர்ந்து நிரப்புங்கள். சாதாரண நகல் தேர்ந்திருக்கும் லேயரை மட்டுமே எடுக்கும். நிழலோ இலையோ விடுபட்டுப்போகும்.

நிரப்பியபின் படத்தை 25 சதவீதத்துக்குச் சுருக்கிப் பார்க்க வேண்டும். டைலில் ஒரே ஒரு பூ மற்றவற்றைவிடச் சற்று அடர்த்தியாக இருந்தால், அது பக்கத்தில் 35 இடங்களில் புள்ளி புள்ளியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். பூவேலையின் அழகைவிட இந்தப் புள்ளிகள்தான் கண்ணை இழுக்கும். பூக்கள் நேர்வரிசையில் நிற்பதும் அதே மாதிரிதான். அதைக் கலைக்க, டைலின் நடுவில் ஒரு பூவை வைத்துப் பாதி ஆஃப்செட் கொடுங்கள். அது நான்கு மூலைகளுக்கும் பிரிந்துபோகும். காலியான நடுவில் வேறொரு பூவை வைத்தால் வரிசை சாய்சதுரமாக மாறிவிடும்.

அடுத்து தாளின் நிறம். வெறும் வெள்ளையைவிட சிவப்பு, பச்சை, நீலம் முறையே 251, 246, 234 என்பது போன்ற மங்கலான பால்நிறம் எழுத்துக்கு இதமாக இருக்கும். அதில் மேலிருந்து கீழாக நிறம் மாற கிரேடியன்ட் கொடுக்கும்போது பட்டை பட்டையாகக் கோடு விழுவது மிகப் பரவலான குறை. இதற்குக் காரணம் கணக்குதான். 8 பிட் படத்தில் 252இலிருந்து 238 வரை இறங்க 14 படிகள்தான் உண்டு. 3508 பிக்சல் உயரத்தில் ஒவ்வொரு படியும் 250 பிக்சல், அதாவது 2 செ.மீ.க்கும் கொஞ்சம் அகலமான பட்டை. கிரேடியன்ட் கருவியில் டிதரிங்கை (படிகளின் எல்லையைப் புள்ளிகளால் கலைக்கும் தேர்வை) போட்டுவிட்டு, அதன் மேல் ஆர்ஜிபி நாய்ஸை (பொடிப்புள்ளிகளை) 0.02 அளவில் தூவினால் பட்டை மறைந்துவிடும். இயல்பாக வரும் அளவு இந்த வேலைக்கு மிக அதிகம். மூன்று நிறங்களும் தனித்தனியாக மாறும் தேர்வை எடுத்துவிட மறக்காதீர்கள். இல்லையென்றால் தாளில் சிவப்பும் பச்சையுமாகப் பொடி தூவியதுபோல் இருக்கும். சொரசொரப்புக்கு, டைலாகும் தேர்வோடு சாலிட் நாய்ஸ் லேயர் ஒன்றை உருவாக்கி, சாஃப்ட் லைட் முறையில் 8 முதல் 12 சதவீத ஒப்பாசிட்டியில் (ஒளிபுகாமை) வைத்தால் போதுமானது. 15ஐத் தாண்டினால் தாள் அழுக்காகத் தெரியத் தொடங்கும்.

ஓரக்கரையை கிம்பில் செய்ய முயல வேண்டாம். இங்க்ஸ்கேப்பில் செய்தால் எந்த அளவிலும் கூர்மையாக இருக்கும், பிறகு மாற்றுவதும் எளிது. இங்கேயும் அளவு முன்கூட்டியே பொருந்த வேண்டும். கரையின் வெளிச்சட்டத்தை 180 × 270 மி.மீ. என்று வையுங்கள், இடவலமாக 15, மேல்கீழாக 13.5 மி.மீ. காலியாக இருக்கும். மூலைக்கு 15 மி.மீ. சதுரம் ஒதுக்கினால் நடுவில் மிஞ்சுவது 150ம் 240ம். 15 மி.மீ. அகலமுள்ள ஒரே வடிவம் மேலே 10 முறையும் பக்கவாட்டில் 16 முறையும் குறையில்லாமல் உட்காரும். குளோன் (மூல வடிவத்தோடு இணைந்த பிரதி) மெனுவிலுள்ள டைல்டு குளோன்ஸில் இதைச் செய்தபின், முதல் குளோன் மூல வடிவத்தின் மேலேயே வந்து படிந்திருக்கும். வடிவம் ஒளி ஊடுருவுவதாக இருந்தால் அந்த ஒன்று மட்டும் அடர்த்தியாகத் தெரியும். அந்தக் குளோனை அழித்துவிடுங்கள். அடுத்தடுத்த வடிவங்கள் தொட்டுக்கொள்ளும் இடத்தில் மயிரிழை வெண்கோடு தெரிந்தால், அது விளிம்புகளை மென்மையாக்குவதால் வருவது. வடிவத்தை 0.1 மி.மீ. அகலமாக்கி ஒன்றின் மேல் ஒன்று லேசாக ஏறும்படி வைத்தால் மறையும். எக்ஸ்போர்ட்டில் பக்கம் முழுவதையும் தேர்ந்தெடுங்கள். வரைந்த பகுதியை மட்டும் எடுத்தால் ஓர இடைவெளி போய்விடும்.

கோடுபோட்ட தாளுக்கு 8 மி.மீ. இடைவெளி வைத்தால் 300 பிக்சல் கணக்கில் அது 94.49 பிக்சல். கோடுகள் பிக்சலுக்கு நடுவே விழுந்து, ஒன்று கூர்மையாகவும் அடுத்தது மங்கலாகவும் வரும். இடைவெளியை 100 பிக்சலாக வையுங்கள். அது 8.47 மி.மீ., அச்சு எழுத்துக் கணக்கில் மிகச் சரியாக 24 பாயிண்ட். சொல்செயலியில் வரி இடைவெளியை நிலையான 24 பாயிண்ட் என்று கொடுத்தால், தட்டச்சு செய்யும் வரிகள் பக்கம் முழுவதும் கோட்டோடு ஒட்டியே நிற்கும். முதல் வரியை மட்டும் மேல் ஓர அளவை மாற்றிச் சரிசெய்தால் போதும். ஒற்றை, ஒன்றரை என்று விட்டால் இடைவெளியை எழுத்துரு தீர்மானிக்கும். பாதிப் பக்கத்திலேயே எழுத்து கோட்டைவிட்டு விலகிவிடும். நெருக்கமான தாளுக்கு 75 பிக்சலும் 18 பாயிண்ட்டும் அதேபோல் பொருந்தும்.

கோட்டின் தடிமன் 3 பிக்சல், அதாவது கால் மி.மீ. நிறத்தை மிக வெளிறியதாக வைக்கத் தோன்றும். அச்சில் அதுவே பிரச்சினை. இங்க்ஜெட் அச்சுப்பொறி வெளிர் நிறத்தை மைப்புள்ளிகளை இடைவிட்டுத் தெளித்துத்தான் காட்டுகிறது. மெல்லிய கோட்டில் அது உடைந்த புள்ளிக்கோடாகிவிடும். மூன்று நிறமும் 225ஐ ஒட்டிய வெளிறலுக்குப் பதிலாக 160, 175, 190 அளவில் சாம்பல்நீலம் கொடுத்தால் கோடு கோடாகவே விழும்.

தமிழில் எழுதுபவர்களுக்கென்று ஓர் எச்சரிக்கை உண்டு. பொட்டுப்பொட்டாக வரும் பின்னணி தமிழுக்கு ஆகாது. 11 பாயிண்டில் மெய்யெழுத்தின் புள்ளி சில பிக்சல்கள்தான்; அதே பருமனில் பின்னணியிலும் பொட்டு இருந்தால் க எது, க் எது என்று கண் தடுமாறும். பொட்டு வேண்டுமானால் எழுத்தின் புள்ளியைவிடப் பல மடங்கு பெரிதாக, 10 சதவீத ஒப்பாசிட்டிக்குள் வையுங்கள். சுருள் கொடிகளும் கொம்பு, சுழிகளோடு போட்டியிடும். அவற்றை ஓரத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. பின்னணிக் கோப்பில் உண்மையான தமிழ்ப் பத்தி ஒன்றை எப்போதும் ஒரு லேயராக வைத்திருந்து, எக்ஸ்போர்ட் செய்யும்போது மட்டும் மறைப்பதே நான் பரிந்துரைக்கும் முறை. எழுத்துக்கும் பின்னணியின் மிக அடர்ந்த இடத்துக்கும் உள்ள ஒளிர்வு வேறுபாடு இணைய அணுகல் நெறிகள் சொல்லும் 4.5க்கு 1 என்ற அளவைவிடக் குறையக் கூடாது.

உதிரிப் பூக்கள், இலைகளைச் சிதறவிட கிம்பின் படக்குழாய்த் தூரிகை அருமையானது. பெயின்ட்ஷாப் ப்ரோவின் டியூப்களைப் பயன்படுத்தியவர்களுக்கு இது உடனே பிடிபடும். ஒரே அளவுள்ள லேயர்களில் ஏழெட்டு இலைகளை வைத்து ஜிஐஎச் வடிவில் எக்ஸ்போர்ட் செய்து, தேர்வுமுறையை ரேண்டம் என்று கொடுத்தால் ஒவ்வோர் அடியிலும் வேறு இலை விழும். வெட்டியெடுத்த படங்களில் வெள்ளை விளிம்பு ஒட்டியிருந்தால் பால்நிறத் தாளில் அது பளிச்சென்று தெரியும். ஆல்ஃபாவை (ஒளி ஊடுருவும் அளவை) தேர்வாக்கி, 1 பிக்சல் சுருக்கி, தேர்வைத் தலைகீழாக்கி அழித்தபின் தூரிகையாக்குங்கள்.

3.0இல் உண்மையிலேயே பயன்பட்டது ஃபில்டர்கள் லேயரோடு ஒட்டியிருந்து பிறகும் மாற்ற முடிவதுதான். நிழலின் தூரத்தை அச்சு மாதிரியைப் பார்த்தபின் திருத்தலாம், 2.10இல் அதற்காக லேயரின் பழைய பிரதியை வைத்திருக்க வேண்டியிருந்தது. குறை என்றால், இப்போதும் வேலை ஆர்ஜிபியில்தான் நடக்கிறது. அச்சகத்துக்கான நான்கு நிறத்தைத் திரையில் ஒத்திகை பார்க்கலாம், ஏற்றுமதியும் செய்யலாம். நேரடியாக அதில் வரைய முடியாது. நினைவகத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஏ4 லேயர் ஒன்று 8 பிட்டில் சுமார் 35 மெகாபைட், 32 பிட்டில் 139. பத்து லேயர் சேர்ந்தால் சாதாரணக் கணினி திணறும். 8 பிட்டும் டிதரிங்கும் இந்த வேலைக்குத் தாராளம்.

எக்ஸ்போர்ட்டில், சமநிறமும் கோடும் மட்டும் உள்ள தாளுக்கு பிஎன்ஜி. சொரசொரப்பு சேர்த்த தாளில் பிஎன்ஜி மிகப் பெரிதாகும், ஏனென்றால் நாய்ஸ் சுருங்காது. அதற்கு ஜேபெக் 90, நிறப் பகுப்பு 4:4:4 (நிற விவரத்தைக் குறைக்காத தேர்வு). இந்த இரண்டாவது தேர்வை விட்டுவிட்டால் சிவப்பு மெல்லிய கோடுகள் மசங்கும்.

லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் பக்கப் பாணியின் பரப்புப் பகுதியில் படத்தைச் சேர்த்து, நீட்டிப் பொருத்தும் தேர்வைக் கொடுங்கள். வேர்டில் பக்க நிறத்தின் வழியே படம் சேர்த்தால் அது டைலாக அடுக்கப்படும், இயல்பாக அச்சிலும் வராது. பின்னணியை அச்சிடும் தேர்வை அமைப்புகளில் தனியாகப் போட வேண்டும். மேற்குறிப்புப் பகுதிக்குள் போய்ப் படத்தை எழுத்துக்குப் பின்னால் வைப்பது அதைவிட நம்பகமானது. எல்லாப் பக்கத்திலும் தானாக வரும், கை தவறி நகராது. உடல்பகுதியில் தட்டச்சு செய்யும்போது திரையில் வெளிறித் தெரிவதைப் பார்த்துவிட்டு நிறத்தை ஏற்றிவிடாதீர்கள். மேற்குறிப்பை வேர்ட் அப்படித்தான் மங்கலாகக் காட்டும், அச்சில் முழு நிறத்தோடு வரும்.