த்ரீநூகாகீகுர்: எரிமலைக்குள் இறக்கிக் காட்டும் சுற்றுலா

ஐஸ்லாந்தின் தலைநகரான ரெய்க்யவிக்கிற்கு அருகிலுள்ள ப்ளாவ்ஃபியோல் மலைப்பகுதியில், சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன் கடைசியாக வெடித்த த்ரீநூகாகீகுர் எரிமலையின் உட்புறம் 2012 முதல் பொதுமக்களுக்குக் காட்டப்பட்டு வருகிறது. கட்டணம் மிகவும் அதிகம். ஆயினும், எதைப் பார்க்கிறோம் என்பதை அறிந்து செல்பவருக்கு அது வீண்செலவாகாது என்பதே என் கருத்து.

லாவா உறைந்த கரடுமுரடான நிலத்தில் ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் நடந்த பின்னரே எரிமலையின் வாய் வருகிறது. உயர்ந்த கட்டடங்களின் கண்ணாடிகளைத் துடைப்பவர்கள் நிற்பதைப் போன்ற திறந்த தொங்குமேடை ஒன்று, தலைக்கவசமும் பாதுகாப்புக் கச்சையும் அணிந்த சிறு குழுவை 120 மீட்டர் ஆழத்திற்கு மெதுவாக இறக்குகிறது. தொடக்கத்தில் கை நீட்டினால் தொட்டுவிடலாம் என்னும் அளவுக்கு நெருங்கியிருக்கும் சுவர்கள், சற்று இறங்கியதும் சட்டென்று விலகிப் பெரும் மண்டபமாக விரிகின்றன. இரும்புத்தாது ஆக்சிஜனோடு சேர்ந்து ஏறிய செந்நிறமும் கந்தகத்தின் மஞ்சளும் விளக்கொளியில் பளிச்சிட, கூரையிலிருந்து சொட்டும் நீர் தலைக்கவசத்தில் விழும் ஓசை இடைவிடாது கேட்கிறது. இக்குகைக்குள் 1974இல் முதன்முதலாக இறங்கிய ஆர்னி ஸ்டெஃபான்சன் தொழிலால் கண் மருத்துவர். கயிற்றை மட்டும் நம்பி இறங்கிய அவரது துணிச்சல், மேடையில் சொகுசாக இறங்கும்போதுதான் உறைக்கிறது.

இவ்விடம் பரவலாக ‘மாக்மா அறை’, அதாவது பூமிக்கடியில் கற்குழம்பு தேங்கும் அறை, என்றே அழைக்கப்படுகிறது. அப்பெயரை அப்படியே ஏற்பவர், பூமிக்கடியில் எங்கும் இத்தகைய கூடங்களில் கற்குழம்பு ஏரிபோல் ததும்பிக்கொண்டிருப்பதாக எண்ணக்கூடும். உண்மையில் பெரும்பாலான கற்குழம்புத் தேக்கங்கள், பூத்துப்போன சர்க்கரைப் பாகைப் போல, படிகங்களின் இடுக்குகளில் மட்டும் உருகிய பாறை ஊறி நிற்கும் நிலையிலேயே நெடுங்காலம் கிடக்கின்றன. ஆழத்திலிருந்து புதுக் குழம்பு ஏறி வரும்போதோ, கரைந்திருந்த வாயுக்கள் குமிழிகளாகப் பிரியும்போதோ அழுத்தம் கூடி, மேற்பாறை தாங்காமல் பிளக்கிறது. அப்பிளவின் வழியாகவே குழம்பு மேலேறுகிறது. த்ரீநூகாகீகுரில் நாம் நிற்பது அத்தகைய ஊட்டுவழியின் மேல்முனை என்றும், ஏறிய குழம்பு வழியிலிருந்த தளர்வான பழைய எரிமலைப் படிவுகளை அரித்ததால் அது இவ்வளவு அகன்றது என்றும் கருதும் புவியியலாளர்கள் உள்ளனர். சுவர்களைக் கூர்ந்து பார்த்த எனக்கும் அவ்விளக்கமே பொருத்தமாகப் படுகிறது. குழம்பு வடிந்து, அது வந்த வழி மட்டும் வெறுமையாக எஞ்சியிருப்பதை இப்படி உள்ளே நின்று காண்பது மிக அரிது.

உயிருள்ள தேக்கம் ஒன்றைப் பற்றி அறிய விரும்புவோர், இதே ரெய்க்யானெஸ் தீபகற்பத்தின் மேற்கிலுள்ள ஸ்வார்ட்செங்கி எரிமலைப் பகுதியின் அண்மைக்கால வரலாற்றைப் படித்துவிட்டு வருவது நல்லது. அங்கு நான்கைந்து கிலோமீட்டர் ஆழத்தில் சேர்ந்த குழம்பு, 2023 நவம்பரில் சுமார் 15 கிலோமீட்டர் நீளத்திற்குப் பக்கவாட்டில் பிளந்துகொண்டு பரவியதால், கிரிண்டாவிக் ஊரே காலி செய்யப்பட்டது. டிசம்பர் 18 அன்று தரை பிளந்து லாவா வெளிவந்தது. அதன்பின் ஒவ்வொரு வெடிப்பிலும் தாழ்ந்த நிலம், தேக்கம் நிரம்ப நிரம்ப மீண்டும் உயர்ந்ததை ஜிபிஎஸ் கருவிகள் பதிவு செய்தன.

மே முதல் அக்டோபர் வரை மட்டுமே நடைபெறும் இச்சுற்றுலாவுக்கு முன்கூட்டியே பதிவு செய்துகொள்வது நல்லது. கோடையிலும் உள்ளே ஐந்தாறு டிகிரி குளிர்தான் என்பதால் கம்பளி ஆடையும் மழைச்சட்டையும் கணுக்கால் வரை மூடும் காலணியும் அவசியம். கீழே கிடைக்கும் நேரம் குறைவு. அதைப் படமெடுப்பதிலேயே செலவிட்டுவிட வேண்டாம். ஏறி வந்ததும் தரப்படும் ஆட்டிறைச்சி சூப், அந்தக் குளிருக்கு அருமையாக இருக்கிறது.