டீசல் சொகுசு ஜீப் பார்க்கிறீர்களா? அட்வான்ஸ் கொடுக்கமுன் இதை வாசியுங்கள்

திருகோணமலைப் பக்கம் பாவித்த டீசல் சொகுசு ஜீப் ஒன்றை வாங்கும் யோசனையில் இருக்கும் உறவுகளுக்காக இதை எழுதுகிறேன். நான் கொடுத்த மூன்று இலட்சம் ரூபா அட்வான்ஸ் இன்னும் திரும்பி வரவில்லை. வாகனத்தை வாங்கவில்லை. அது வீட்டு வாசலில் வந்து நின்று, கிட்டத்தட்ட என் பெயருக்கு மாறும் நேரத்தில் மெக்கானிக் ஒருவர் காப்பாற்றினார். அந்தக் கதைதான் இது.

உப்புவெளியில் சின்னதாக விடுதி ஒன்று நடத்துகிறேன். கட்டுநாயக்கவிலிருந்து விருந்தினரை ஏற்றிவர ஒரு வசதியான வாகனம் வேண்டும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025 பெப்ரவரியில் திறந்தபோது வரியைக் கேட்டாலே தலை சுற்றியது. ஆகவே புதிது என்ற பேச்சுக்கே இடமில்லை; பத்து வருடம் ஓடிய ஐரோப்பிய வாகனங்கள்தான் என்னைப் போன்றவர்கள் எட்டிப் பார்க்கக்கூடியவை. விற்பவர்களுக்கும் இது நன்றாகத் தெரியும்.

ஊர் புரோக்கர் ஒருவர் படம் அனுப்பினார். இரண்டு லீற்றர் டீசல், ஓட்டோ கியர், மேலே கண்ணாடிக் கூரை. பெயர்போன ஜேர்மன் கம்பனி வாகனம். விளம்பரத்தில் இருந்ததை அப்படியே தருகிறேன், ஏனென்றால் இதே வசனங்களை நீங்களும் காண்பீர்கள்: "டொக்டர் ஓடியது. 68,000 கி.மீ. கம்பனி சேர்விஸ். ஸ்கேன் ரிப்போட் உண்டு." கேட்ட விலை ஒரு கோடியே பதினெட்டு இலட்சம். வாகனம் கொழும்பில் ஒரு கார் சேலில் நிற்கிறது, பார்க்க வேண்டுமென்றால் கொண்டுவந்து காட்டுவார்கள், ஆனால் அட்வான்ஸ் போட வேண்டும். "அண்ணன், நாளைக்கு மட்டக்களப்பு ஆள் ஒண்டு பாக்க வருது, உங்களுக்காகத்தான் பிடிச்சு வச்சிருக்கன்" என்றார். மட்டக்களப்பு ஆள் என்று ஒருவர் உண்மையிலேயே இருந்தாரோ தெரியாது, ஆனால் எந்த வாகனம் விற்றாலும் அவர் எங்கேயோ இருக்கிறார். காசு புரோக்கரின் கையில் போனது, ரசீது கார் சேலின் பெயரில் வந்தது. இந்த இரண்டும் வேறு வேறாக இருப்பதன் அர்த்தம் பிறகுதான் விளங்கியது.

வாகனம் வந்தது. கழுவித் துடைத்து, உள்ளே வாசனை அடித்து, ரயர் எல்லாம் கறுப்பு மினுங்கலோடு நின்றது. ஸ்கேன் ரிப்போட்டும் கொண்டுவந்திருந்தார்கள், ஒரு பிழையும் இல்லை என்று பச்சை நிறத்தில்.

எனக்குத் தெரிந்த மெக்கானிக் தம்பி, வாகனத்தின் கணினிகளை வாசிக்கும் தன் ஸ்கேனரோடு வந்திருந்தார். முதலில் பிரேக்கை மிதிக்காமல் ஸ்டார்ட் பட்டனை அழுத்தி, எஞ்சினை ஓடவிடாமல் டாஷ்போட்டைப் பார்த்தார். எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் ஒருமுறை எரிய வேண்டும். எரியாத விளக்கு இருந்தால் யாரோ அதை அணைத்து வைத்திருக்கிறார்கள். இதில் எல்லாம் எரிந்தன. அப்புறம் ஸ்கேனரைப் பூட்டினார். ஒரு பிழையும் இல்லை, ரிப்போட்டில் சொன்னது போலவே. புரோக்கர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

தம்பி சிரிக்கவில்லை. வேறொரு பக்கத்தைத் திறந்து திரையை என் பக்கம் திருப்பினார். பிழைக்குறிகளை அழித்தபின் ஓடிய தூரம்: 9 கிலோமீற்றர். அதற்குக் கீழே, எஞ்சின் தன்னைத் தானே சோதித்துப் பார்க்கும் பரிசோதனைகள் பாதிக்கு மேல் "முடியவில்லை" என்று நின்றன. கொழும்பிலிருந்து இங்கே 260 கிலோமீற்றர் அளவில் ஓடி வந்த வாகனம் இது. அப்படியென்றால் ஊருக்குள் நுழைய முன்னர், சீனக்குடாப் பக்கம் எங்கேயோ ஓரமாக நிறுத்தி, அழித்துவிட்டு வந்திருக்கிறார்கள். பச்சை ரிப்போட்டின் பெறுமதி அவ்வளவுதான். பிழை இல்லாததால் அது பச்சையாக இல்லை, பிழையை அழித்த கையோடு எடுத்ததால் பச்சையாக இருக்கிறது.

அழித்தது எதை என்பதும் சீக்கிரம் தெரிந்தது. இந்த வகை டீசல் எஞ்சின்களில் புகைக்கரியைப் பிடித்து வைக்க, புகைக் குழாயில் ஒரு வடிகட்டி இருக்கிறது. கராஜில் டீ.பி.எஃப் என்பார்கள். கரி நிறைந்ததும் எஞ்சின் கொஞ்சம் டீசலைக் கூடுதலாக அடித்து, அந்த வடிகட்டியைக் கிட்டத்தட்ட 600 பாகை செல்சியஸ் வரை சூடாக்கி, கரியை எரித்துவிடும். அதற்கு வாகனம் நிற்காமல் ஒரே வேகத்தில் கொஞ்ச நேரம் ஓட வேண்டும். ஹபரணையிலிருந்து கந்தளாய் வரும் நேர் வீதி மாதிரி ஒரு ஓட்டம். இடையில் நிறுத்தினால் எரிப்பு பாதியில் நின்றுவிடும், அடித்த டீசலில் ஒரு பங்கு சிலிண்டர் சுவரால் வழிந்து எஞ்சின் ஒயிலில் போய்ச் சேரும்.

தம்பி ஒயில் அளவுக்கம்பியை இழுத்துத் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தார். ஒயில் மேல் கோட்டுக்கும் மேலே ஒரு விரல் உயரத்தில் நின்றது. மூக்கில் வைத்தேன், டீசல் மணம். ஒயில் குறைந்தால்தான் பிரச்சினை என்று நாங்கள் நினைக்கிறோம். இந்த வாகனங்களில் கூடினாலும் பிரச்சினைதான். ஒயில் தண்ணீராகி, டர்போவையும் பெயாரிங்கையும் தின்றுவிடும். "இவ்வளவு தூரம் ஓடி வந்தும் கரி எரியல்ல எண்டா, வடிகட்டி அடைச்சுப் போய் எரிக்கிறதையே நிப்பாட்டிப் போட்டுது அண்ணன்" என்றார்.

சரி, ஓடிப் பார்ப்போம் என்று நிலாவெளி வீதியில் எடுத்தோம். புரோக்கர் பின் சீற்றில். சல்லிச் சந்தியைத் தாண்டவில்லை, மஞ்சள் விளக்கு எரிந்தது. பின்னாலிருந்து உடனே பதில் வந்தது: "டீசல் சரியில்ல அண்ணன், அதுதான்." அன்று முழுக்க அந்த மனிதன் சொன்னதில் ஓரளவு உண்மை இருந்தது இதில் மட்டும்தான். இங்கே எல்லா இடத்திலும் கிடைக்கும் ஓட்டோ டீசலில் கந்தகம் கூட. ஐரோப்பாவில் 2009 முதல் வாகன டீசலில் கந்தகம் பத்து இலட்சத்தில் பத்துப் பங்குக்கு மேல் இருக்கக்கூடாது. அந்த டீசலை நம்பித்தான் இந்த எஞ்சின்களைச் செய்தார்கள். சுப்பர் டீசல்தான் ஊற்ற வேண்டும், அது எல்லா எண்ணெய் செட்டிலும் கிடைக்காது, விலையும் கூட. பிரித்தானியர் காலத்து எண்ணெய்த் தாங்கிகளைச் சீனக்குடாக் காட்டுக்குள் வைத்துக்கொண்டு நாங்கள் நல்ல டீசல் தேடி அலைகிறோம், அது வேறு கதை.

திரும்பி வந்து தம்பி கியர்ப்பெட்டியின் கணினியைத் தனியாக வாசித்தார். டாஷ்போட்டில் 68 ஆயிரம், கியர்ப்பெட்டியில் 1,43,000. மீற்றரைத் திருப்புகிறவன் முன்னால் தெரியும் எண்ணைத்தான் திருப்புகிறான். உள்ளே இருக்கும் மற்றக் கணினிகள் பலவும் தூரத்தைத் தங்கள் பாட்டில் குறித்து வைத்திருக்கும். எல்லாவற்றையும் மாற்றக்கூடிய கெட்டிக்காரர்களும் உண்டாம், ஆனால் பெரும்பாலும் அவ்வளவு மினக்கெடுவதில்லை. பிரேக் மிதியின் இறப்பர் ஒரு பக்கம் தேய்ந்து வழவழத்திருந்ததற்கு அப்போதுதான் காரணம் விளங்கியது. டொக்டர் நிறைய வீட்டுக்குப் போய் வைத்தியம் பார்த்திருப்பார் போல.

புரோக்கர் கொஞ்சமும் கூச்சப்படவில்லை. வடிகட்டியை வெட்டி எடுத்துவிட்டு சொப்ட்வெயாரை மாற்றினால் விளக்கு வராது, கொழும்பில் எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள், வேண்டுமென்றால் ஒரு இலட்சம் குறைத்துத் தருகிறேன் என்றார். இதை நீங்கள் கவனிக்க வேண்டும். நான் பார்த்தது அடைத்த வடிகட்டியோடு வந்த வாகனம். உங்களிடம் வருவது வெட்டிய வாகனமாக இருக்கலாம், அதில் ஸ்கேனர் ஒன்றுமே காட்டாது. அதற்கு ஒரு எளிய வழியைத் தம்பி சொன்னார். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது புகைக் குழாயின் உள்பக்கத்தை வெள்ளைத் துணியால் துடையுங்கள். வடிகட்டி உயிரோடு இருந்தால் துணி பெரிதாக அழுக்காகாது. விளக்குக்கரி மாதிரிக் கறுப்பு அப்பிக்கொண்டு வந்தால் உள்ளே வடிகட்டி இல்லை, அல்லது உடைந்திருக்கிறது. வருடாந்தப் புகைப் பரிசோதனையில் பாஸ் என்று சேர்டிபிகேட் காட்டினால் மயங்காதீர்கள். அந்தப் பரிசோதனை புகையின் அடர்த்தியை மட்டும்தான் அளக்கிறது, வடிகட்டி இருக்கிறதா என்று பார்ப்பதில்லை.

அட்வான்சுக்கு வருகிறேன். கார் சேல்காரர் தொலைபேசியில், வாகனத்தை நாங்கள் சொன்னபடி கொண்டுவந்து காட்டினோம், வேண்டாம் என்றது நீங்கள், ரசீதின் பின்பக்கத்தைப் பாருங்கள் என்றார். பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் சிங்களத்தில் மட்டும் அச்சடித்திருந்தது, திருப்பித் தரப்படமாட்டாது என்று. புரோக்கரைக் கேட்டால், காசை அப்படியே கொழும்புக்கு அனுப்பிவிட்டேன், எனக்கு கொமிஷன்கூட வரவில்லை என்கிறார். ஆளாளுக்குக் கையைக் காட்டுவதற்காகத்தான் கை ஒன்றும் ரசீது ஒன்றுமாக வைத்திருக்கிறார்கள். பொலிசில் முறைப்பாடு போட்டேன். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் சொல்லிவிட்டு எழுத்திலும் அனுப்பினேன். புரோக்கர் இந்த ஊர்க்காரர் என்பதால் மத்தியஸ்த சபைக்கும் போயிருக்கிறது. முதல் தவணைக்கு அவர் வரவில்லை. இணக்கம் ஏற்படாவிட்டால் சபை அதற்கு ஒரு சான்றிதழ் தரும், அதை வைத்துக்கொண்டு நீதிமன்றம் போகலாம். ஸ்கேனர் திரையைத் தம்பி அந்த இடத்திலேயே படம் எடுத்து வைத்தது இப்போது பெரிய உதவி.

அட்வான்ஸ் போட்டே ஆக வேண்டுமென்றால், "எனது மெக்கானிக் பரிசோதித்துத் திருப்தி இல்லாவிட்டால் முழுத் தொகையும் திருப்பித் தரப்படும்" என்று தமிழில் எழுதி, காசு வாங்கும் ஆளே கையெழுத்துப் போட வேண்டும். மாட்டேன் என்றால் வேறு வாகனம் பாருங்கள். பதிவுப் புத்தகத்தில் யாருடைய பெயர் இருக்கிறது, லீசிங் கம்பனி முழுமையான உரிமையாளராக நிற்கிறதா என்பதையும் பாருங்கள். எனக்குக் காட்டியது மூன்றாவது ஆளின் பெயரில் இருந்த, ஓப்பின் பேப்பரில், அதாவது பெயர் மாற்றாமல் கையெழுத்திட்ட பத்திரத்தோடு மட்டும், கைமாறி வந்த வாகனம். டொக்டரின் பெயர் எந்த இடத்திலும் இல்லை.

அப்படியானால் டீசல் வாங்கலாமா என்று இப்போது பலர் என்னைக் கேட்கிறார்கள். கிழமைக்கு ஒருமுறையாவது கொழும்போ கண்டியோ போய் வருகிறவர் என்றால், நல்லதாகக் கிடைத்தால் வாங்கலாம். இழுவையும் ஓட்டமும் பெற்றோலில் வராது. ஆனால் உவர்மலையிலிருந்து சந்தைக்கு, சந்தையிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு என்று ஊருக்குள்ளேயே ஓடுகிறவருக்கு, புத்தம் புதிதாக வாங்கினாலும் அந்த வடிகட்டி அடைக்கும். கொஞ்சம் புதிய மொடல்களில் அட்ப்ளூ என்ற யூரியாக் கரைசலும் ஊற்ற வேண்டும். அது முற்றாகத் தீர்ந்து நிறுத்தினால் வாகனம் திரும்ப ஸ்டார்ட் ஆகாது. சாமான் ஒன்று வேண்டுமென்றால் கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடைகளில் பாவித்ததைத் தேட வேண்டும், அதைப் பூட்டிக் கணினியில் பதிய மறுபடி கொழும்புக்குத்தான் போக வேண்டும். நான் இப்போது பார்ப்பது பெற்றோல் ஹைபிரிட். விருந்தினருக்குக் கண்ணாடிக் கூரை இல்லாவிட்டால் பரவாயில்லை.

அந்த ஜீப் மறுபடி விளம்பரத்துக்கு வந்திருக்கிறது. கறுப்பு நிறம், உள்ளே பழுப்புத் தோல் சீற், பின் பம்பரின் இடது மூலையில் பெயின்ட் கொஞ்சம் நிறம் மாறியிருக்கும். விலையில் இரண்டு இலட்சம் குறைத்திருக்கிறார்கள், 68,000 அப்படியே இருக்கிறது. அதைப் பார்க்கப் போகிற யாராவது இருந்தால் உள்பெட்டியில் கேளுங்கள், ஸ்கேன் படங்களை அனுப்புகிறேன்.