கிராப்பி பிடிக்க ஃப்ளை ராடு: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

வசந்தம் வந்துவிட்டால் டல்லாஸ் சுற்றுவட்டார ஏரிகளில் கிராப்பி என்ற நன்னீர் மீனுக்குத் தூண்டில் போடும் கூட்டம் கூடிவிடும். பெரும்பாலானவர்கள் கையில் ஸ்பின்னிங் ராடு, ஒரு தக்கை, முள்ளில் உயிருள்ள சின்ன மீன். நான் சில வருடங்களாக இந்த மீனுக்கு ஃப்ளை ராடுதான் எடுத்துப் போகிறேன், அதாவது முள்ளில் இறகு கட்டிச் செய்த ‘ஃப்ளை’ என்ற போலி இரையை வீசும் கோல். "அது ட்ரௌட் மீனுக்கு உள்ளதாச்சே?" என்று கரையில் அடிக்கடி கேட்பார்கள். வாங்கலாமா வேண்டாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிராப்பி எட்டடி ஆழத்துக்குள் இருக்கும் மாதங்களில் இதைவிடப் பொருத்தமான ராடு வேறில்லை என்பது என் கருத்து. மீன் ஆழத்துக்கு இறங்கிவிட்டால் இதை வீட்டிலேயே வைத்துவிடலாம்.

காரணம் எடைதான். சாதாரண ராடில் இரையின் எடைதான் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். அதனால் தூரமாக வீச ஈயம் வேண்டும், ஈயம் இருந்தால் இரை வேகமாக முங்கும். ஃப்ளை ராடில் எடை ‘லைன்’ என்ற தடித்த நரம்பிலேயே இருக்கிறது. லைனின் எடையை எண்ணால் சொல்வார்கள், எண் கூடினால் எடையும் கூடும். 5 எண் லைனின் முதல் 30 அடி மட்டும் 140 கிரெய்ன், அதாவது ஏறக்குறைய 9 கிராம். அந்த எடையை வைத்து, ஒரு சிட்டிகை மராபூ இறகு கட்டிய முள்ளைக்கூட மரக்கிளைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைக்கலாம். அது மெல்ல மெல்ல இறங்கும். கிராப்பி தனக்கு மேலே வருவதைப் பார்த்து எழும்பித் தின்னும் மீன். கீழே போய்விட்ட இரையைப் பெரும்பாலும் தேடிப் போகாது. அதனால் எவ்வளவு மெதுவாக இறங்குகிறதோ அவ்வளவு நல்லது.

நான் வைத்திருப்பது ஒன்பதடி நீளம், 5 எண், நடுவரை வளையும் மீடியம் ஆக்‌ஷன் ராடு. 3 எண்ணில் மீன் இழுப்பது இன்னும் சுவையாக இருக்கும், ஆனால் வட டெக்சாஸ் காற்றில் அதை வைத்து ஒன்றும் செய்ய முடிவதில்லை. விறைப்பான ஃபாஸ்ட் ஆக்‌ஷன் ராடு இந்த மீனுக்கு வேண்டவே வேண்டாம். கிராப்பியின் வாய்ச்சவ்வு ஊறிய அப்பளம் மாதிரி, சுண்டி இழுத்தால் கிழிந்துவிடும். மீன் கொத்தியதும் கோலைச் சற்றே உயர்த்தினால் போதும், வளைவே முள்ளை ஏற்றிவிடும். கரைக்குக் கொண்டுவந்த பிறகு தொங்கவிட்டுத் தூக்காமல் வலையில் வாங்குங்கள். ரீலைப் பற்றிப் பெரிதாக யோசிக்க வேண்டாம். இந்த அளவு மீனுக்கு அது லைனைச் சுற்றி வைக்கும் இடம், அவ்வளவுதான்.

மீன் கொத்துவதை அறிவதுதான் எனக்கு இதில் பிடித்த பகுதி. மிதக்கும் லைனின் நுனி தண்ணீரைத் தொடும் இடத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஃப்ளை இறங்கிக்கொண்டிருக்கும்போது அந்த நுனி மெதுவாக முன்னே நகரும். சில நேரம் விரலளவுதான் நகரும், பிறகு நின்றுவிடும். அதுதான் கொத்து. தக்கை மாதிரி சின்ன இண்டிகேட்டர் கட்டியிருந்தால் இன்னொரு விஷயமும் நடக்கும்: நிமிர்ந்து நின்றது சாய்ந்து படுத்துவிடும். மீன் அடியிலிருந்து வந்து வாயில் வாங்கிக்கொண்டு மேலே எழும்பினால் முள்ளின் எடை தக்கைக்குத் தெரியாமல் போகிறது, அதனால் சாய்கிறது. முங்கினால்தான் இழுப்பேன் என்று காத்திருந்தால் பாதி மீன் துப்பிவிட்டுப் போய்விடும்.

ஃப்ளையில் என் பெட்டியில் நிலைத்தவை மூன்றுதான். முதலாவது, பாப் க்ளௌசர் 1980களில் ஸ்மால்மௌத் பாஸுக்காக உருவாக்கிய க்ளௌசர் மின்னோ. அதையே 8ஆம் எண் முள்ளில் சின்னதாக, மணிச்சங்கிலியின் இரண்டு மணிகளைக் கண்ணாக வைத்துக் கட்டிக்கொள்கிறேன். ஈயக் கண் வைத்தால் வேகமாக இறங்கி இந்த வேலைக்கே ஆகாது. இரண்டாவது, 10ஆம் எண் முள்ளில் கட்டிய வுல்லி பகர் என்ற ஃப்ளை. மூன்றாவது, துளைப்பக்கம் மடங்கியிருக்கும் ஜிக் முள்ளில் மராபூ மட்டும் கட்டியது. இண்டிகேட்டருக்குக் கீழே தொங்கவிட இதுதான் சரி, ஏனென்றால் முடிச்சை முள்ளின் துளைக்கு மேல்பக்கமாக நகர்த்தி வைத்தால் ஃப்ளை படுத்த மேனிக்குத் தொங்கும், நீந்தும் குஞ்சுமீன் போலவே. தெளிந்த தண்ணீரில் வெள்ளையும் சாம்பலும், இந்தப் பக்கத்து வழக்கமான கலங்கலில் கறுப்பும் சார்ட்ரூஸ் என்ற பளிச்சென்ற மஞ்சள்பச்சையும்.

முள் மெல்லிய கம்பியாக இருக்கட்டும். கிராப்பி கிடப்பதே மூழ்கிய மரம், செடி, தூண் இவற்றை ஒட்டித்தான், அதனால் சிக்கத்தான் செய்யும். டிப்பெட், அதாவது லைன் நுனியில் முள்ளைக் கட்டும் மெல்லிய நரம்பு, 6 பவுண்டு தாங்குவதாக இருந்து முள் மெல்லியதாக இருந்தால் நிதானமாக இழுக்கும்போது முள் நிமிர்ந்து வெளியே வந்துவிடும். குறடால் வளைத்துவிட்டு அடுத்த வீச்சுக்குப் போகலாம்.

எங்கே, எப்போது என்று கேட்டால், மார்ச், ஏப்ரல்தான் உச்சம். தண்ணீர் 60 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டியதும் முட்டையிடக் கரையோரம் ஏறும். ஆண் மீன் நிறம் கறுத்து, கூட்டைக் காத்துக்கொண்டு முழங்கால் ஆழத்தில்கூட நிற்கும். லவான் ஏரியிலும் லூயிஸ்வில் ஏரியிலும் வெயில் நன்றாக விழும் வடகரைக் குடாக்களில்தான் நான் தொடங்குவேன். கலங்கல் நீரில் வெள்ளைக் கிராப்பிதான் மிகுதி, கறுப்பு வகை தெளிந்த நீரையும் செடிகளையும் விரும்பும். எது எது என்று குழப்பமாக இருந்தால் முதுகுத் துடுப்பின் முட்களை எண்ணுங்கள்: வெள்ளையில் ஐந்து அல்லது ஆறு, கறுப்பில் ஏழு அல்லது எட்டு. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ரே ராபர்ட்ஸ் ஏரியின் ஐல் டு புவா பூங்காவைச் சொல்வேன். டெக்சாஸ் மாநிலப் பூங்காக்களுக்குள் கரையிலிருந்து மீன்பிடிக்க உரிமம் தேவையில்லை, நுழைவுக் கட்டணம் மட்டும்தான். ஆனால் அளவு விதி அங்கேயும் உண்டு. பொதுவான விதிப்படி 10 அங்குலத்துக்குக் குறைந்ததைத் திருப்பி விட வேண்டும், ஒரு நாளைக்கு இரண்டு வகையும் சேர்த்து 25. சில ஏரிகளுக்குத் தனி விதி இருப்பதால் கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

கரையிலிருந்து வீச முடியாது, பின்னால் மரம் இருக்கிறதே என்று பலர் தயங்குகிறார்கள். ரோல் காஸ்ட் பழகினால் போதும். லைனைத் தண்ணீரிலேயே வைத்துக்கொண்டு கோலை மெதுவாகப் பின்னே சாய்த்து முன்னே உருட்டிவிடுவது. கிராப்பிக்கு 25 அடிக்கு மேல் வீச வேண்டிய தேவை எனக்கு அரிதாகத்தான் வந்திருக்கிறது. புதருக்குள் என்றால் வீசவே வேண்டாம். ஒன்பதடிக் கோலை நீட்டி, இடைவெளிக்குள் ஃப்ளையை இறக்கி, அப்படியே பிடித்துக்கொண்டிருக்கலாம். நம் ஊர்க் குளத்தில் மூங்கில் கோலில் தூண்டில் போட்டவர்களுக்கு இது உடனே கைக்கு வரும்.

இனி தேய்மானம். ராடு நீண்ட நாள் உழைக்கும், லைன் உழைக்காது. ஏரிச் சேறும் பாசியும் படிந்தால் மிதக்கும் லைனின் நுனி முங்கத் தொடங்கும், அப்புறம் கொத்து கண்ணுக்குத் தெரியாது. வெதுவெதுப்பான நீரில் இரண்டு சொட்டு பாத்திர சோப்பு விட்டு, துணியால் உருவிவிட்டால் சரியாகிவிடும். கொசு மருந்தில் இருக்கும் டீட் லைனின் பூச்சை அரித்துவிடும், அதனால் மருந்து தடவிய கையால் லைனைத் தொடாதீர்கள். எடையுள்ள ஃப்ளை வீச்சில் கோல்மேல் மோதினால் கிராஃபைட்டில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும், பிறகு ஒருநாள் சின்ன மீனுக்கே முறியும். என் முதல் ராடின் நுனிப்பகுதி அப்படித்தான் போயிற்று. வாழ்நாள் உத்தரவாதம் என்று போட்டிருந்தார்கள், ஆனால் கட்டணமும் அனுப்பும் செலவும் சேர்த்துப் பார்த்தால் புதிய ராடின் விலையில் கணிசமான பங்கு. வாங்கும் முன் உத்தரவாதத்தில் எதற்கு எவ்வளவு பணம் என்று படித்துவிடுங்கள்.

செலவு என்று பார்த்தால் ராடு, ரீல், லைன் சேர்ந்த தொடக்கநிலை செட் 150 டாலரிலிருந்து 250 டாலருக்குள் நன்றாகவே கிடைக்கிறது. அதற்கு மேல் கொடுத்து இந்த மீனுக்கு எந்தப் பலனும் இல்லை. மிச்சப் பணத்தில் நல்ல லைன் ஒன்று வாங்குங்கள்.

காற்றுதான் உண்மையான எதிரி. ஏப்ரல் மதியத்தில் தெற்கிலிருந்து அடிக்கும் காற்றில் லைன் வில்லாக வளைந்து ஃப்ளையை இழுத்துக்கொண்டு போகும், மெதுவாக இறக்கும் சமாச்சாரமே கெட்டுவிடும். காலையில் போய்ப் பத்து மணிக்குள் முடித்துக்கொள்வதே என் வழக்கம்.

கோடையில் மீன் 15, 20 அடிக்கு இறங்கிவிடும். மூழ்கும் லைன் போட்டுப் பார்த்தேன். ஆழத்துக்குப் போகிறது, ஆனால் கொத்து கையில் தெரிவதற்குள் மீன் துப்பிவிடுகிறது. அந்த மாதங்களில் ஸ்பின்னிங் ராடே மேல். ஒரே விதிவிலக்கு இரவு. படகுத்துறை விளக்கொளியில் பூச்சியும் ஷாட் என்ற சின்ன மீனின் குஞ்சுகளும் கூடும்போது கிராப்பி மேலே வரும். வெளிச்சம் முடிந்து இருட்டு தொடங்கும் விளிம்பில் வெள்ளை க்ளௌசரைப் போட்டு, இழுக்காமல் இறங்கவிடுங்கள். தனியார் துறையாக இருந்தால் முதலில் உரிமையாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அக்டோபரில் தண்ணீர் குளிர்ந்ததும் மறுபடியும் பகலிலேயே பிடிக்கலாம்.