மூன்று டிகிரி சாய்வுத் தகடு: ஆவாரம்பாளையம் பட்டறை ஒன்றின் வேலை

பனியில் நின்று சறுக்கும் ஒற்றைப் பலகையான ஸ்னோபோர்டுக்கு வேலை செய்துதர கோயம்புத்தூரில் ஆள் உண்டா என்று நான்கைந்து பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். உண்டு. ஆவாரம்பாளையத்தில் பம்ப் உதிரிபாகங்கள் கடைந்து கொடுக்கும் ஒரு சிறிய லேத் பட்டறை அது. இரண்டு லேத், ஒரு மில்லிங், ஒரு சர்ஃபேஸ் கிரைண்டர், மூன்று ஆட்கள். பட்டறைக்காரர் உறைபனியை ஊட்டியில் புல் மேல் பார்த்ததோடு சரி. மூன்று ஆண்டுகளாக என் பலகையை அவரிடம்தான் கொடுக்கிறேன்.

திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் கணக்கு பார்ப்பது என் வேலை. 2018ஆம் ஆண்டு பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்கில் செக் வீராங்கனை எஸ்தர் லெடெட்ஸ்கா பனிச்சறுக்கில் சூப்பர் ஜி தங்கமும், ஸ்னோபோர்டில் பேரலல் ஜயண்ட் ஸ்லாலம் தங்கமும் வென்றதைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். சாய்ந்த உடல், அடியில் ஒரே ஒரு எஃகு விளிம்பு, பின்னால் நூல் பிடித்ததுபோல் ஒரு கோடு. அது மனதைவிட்டுப் போகவில்லை. திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சி ஊர்களிலிருந்து ஆறு பேர் சேர்ந்தோம். முதல் பயணம் குல்மார்க். அங்கே கொண்டோலா என்ற கம்பிவட ஊர்தி அஃபர்வாத் மலையில் ஏறத்தாழ 4,000 மீட்டர் வரை ஏற்றிவிடுகிறது, ஆனால் மேலே இருப்பது தொடை வரை புதையும் பொடிப்பனி. விளிம்பால் பனியை வெட்டித் திரும்பும் கார்விங்குக்கான குறுகிய பலகை அதில் மூக்கைக் கீழே குத்திக்கொண்டு நின்றுவிடும். இயந்திரம் வைத்து அழுத்திச் சமப்படுத்திய சரிவு வேண்டும் என்று ஜார்ஜியாவின் குடௌரிக்கு மாறினோம். கோவையிலிருந்து ஷார்ஜா, அங்கிருந்து திபிலிசி, பிறகு சாலையில் 120 கிலோமீட்டர்.

இந்தக் கருவி பழக்கமில்லாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சாதாரண ஸ்னோபோர்டின் இடுப்பு, அதாவது நடுவில் மிகக் குறுகிய இடத்தின் அகலம், 25 சென்டிமீட்டர் அளவில் இருக்கும், என்னுடையது 19. நீளம் 158. காலில் மென்மையான ஷூ கிடையாது, கெட்டியான பிளாஸ்டிக் பூட்ஸ். அதைப் பலகையோடு பிடிப்பது உலோகத் தகட்டு பைண்டிங். இவ்வளவு குறுகிய பலகையில் காலைக் குறுக்கே வைத்தால் பூட்ஸின் நுனியும் குதியும் வெளியே நீட்டிக்கொண்டு, சாயும்போது பனியில் இடிக்கும். அதனால் முன்கால் 60 டிகிரி, பின்கால் 55 டிகிரி என்று இரண்டு பாதங்களையும் முன்னோக்கித் திருப்பி நிற்கிறோம். பலகையின் பக்க வளைவுக்கு 11 மீட்டர் ஆரம். பலகையை 60 டிகிரி சாய்த்துவிட்டால் பனியில் அது போடும் வட்டத்தின் ஆரம் ஏறத்தாழ பாதியாகிவிடுகிறது. சறுக்காமல் சாய்ந்து, விளிம்பே வழி போடும்படி திரும்புவதுதான் கார்விங்.

என் சிக்கல் பின்காலில் இருந்தது. இரண்டு பாதமும் பலகையில் மட்டமாக இருந்ததால், குதிகால் பக்கம் திரும்பும்போது பின்முழங்கால் மடங்க மறுத்தது. முழங்கால் மடங்காவிட்டால் இடுப்பு பின்னால் போகும்; முக்காலியில் உட்காருவதுபோல் ஆகிவிடும். எடை விளிம்பின் மேல் நிற்காது. பலகை தடதடவென்று அதிர்ந்து வழுக்கும். மாலையில் அறைக்கு வந்ததும் முழங்காலில் உப்பு ஒத்தடம் கொடுப்பது வழக்கமாகிப்போனது. முன்காலின் விரல் பக்கத்தையும் பின்காலின் குதிப் பக்கத்தையும் கொஞ்சம் தூக்கினால் தீரும் என்று தெரியும். என் பழைய பைண்டிங்குக்குப் பொருந்தும் சாய்வுத் தகடு எங்கேயும் கிடைக்கவில்லை.

எங்கள் குழுவில் பொள்ளாச்சியிலிருந்து வரும் நண்பர் தென்னை நார் இயந்திரம் வைத்திருக்கிறார். அவர்தான் இந்தப் பட்டறையைக் காட்டினார். ஒரு சனிக்கிழமை பலகை, பைண்டிங், பூட்ஸ் மூன்றையும் தூக்கிக்கொண்டு போனேன். பட்டறைக்காரர் முதலில் விளிம்பை நகத்தால் தடவிப் பார்த்தார். “அம்மணி, இது ஏர் மாதிரிதானே? கொழு மழுங்கினால் சால் பிடிக்காது” என்றார். பனியில் விழும் கோட்டுக்கு அதுவரை என்னிடம் நல்ல தமிழ்ச் சொல் இல்லை. அன்றிலிருந்து எங்கள் ஆறு பேருக்கும் அது சால்தான்.

மூன்று டிகிரி என்றேன். அவர் சாய்வைக் கண்ணால் பார்த்து வைக்கும் ஆள் இல்லை. அலமாரியிலிருந்து, ஒரு முனையைத் தூக்கி வைத்துச் சாய்வை அமைக்கும் 100 மில்லிமீட்டர் சைன் பார் வந்தது. மூன்று டிகிரிக்கு அந்த முனையை எத்தனை மில்லிமீட்டர் தூக்க வேண்டும் என்று கணக்கிட்டு, ஒரு துண்டுக் காகிதத்தில் 5.234 என்று எழுதினார். மரப்பெட்டியைத் திறந்து 1.004, 1.23, 3 என்று மூன்று ஸ்லிப் கேஜ்களை, அதாவது துல்லியமான அளவுக் கட்டைகளை, எடுத்து, துணியால் துடைத்து, ஒன்றன்மேல் ஒன்றைத் தேய்த்து ஒட்டினார். அவை காந்தம்போல் ஒட்டிக்கொண்டன. அந்த அடுக்கைச் சைன் பாரின் ஒரு முனைக்கு அடியில் வைத்ததும் மூன்று டிகிரி கிடைத்துவிட்டது. அந்தச் சாய்வுக்கு ஏற்ப அலுமினியக் கட்டியை வைத்து இறுக்கி மில்லிங்கில் ஓட்டினார்.

அடுத்து அவர் கேட்ட கேள்வி என் மனதில் தோன்றவே தோன்றாதது. “திருகு பலகைக்குச் செங்குத்தாக இறங்குகிறது. மேல்தளம் சாய்ந்திருக்கிறது. திருகுத் தலை ஒரு ஓரத்தில் மட்டும்தானே உட்காரும்?” உண்மைதான். அப்படி உட்கார்ந்தால் தலைக்கு அடியில் வளைந்து, ஒருநாள் வேகத்தில் உடையும். அதற்காக எட்டு சாய்வு வாஷர்களையும் அவரே கடைந்து கொடுத்தார். பலகையில் திருகுக் குழிகள் 40 மில்லிமீட்டர் இடைவெளியில் இருக்கின்றன. மூன்று டிகிரி சரிவில் அந்த இடைவெளிக்குள் தகட்டின் தடிமன் 2.1 மில்லிமீட்டர் மாறுகிறது. ஆகவே முன்வரிசைத் திருகும் பின்வரிசைத் திருகும் ஒரே நீளமாக இருக்கக் கூடாது. எம்6 திருகுகளை ஒவ்வொன்றாக வெர்னியரில் அளந்து லேத்தில் நீளம் குறைத்தார். இதில் கவனம் பிசகினால் என்ன ஆகும் என்பது ஈரோட்டுத் தோழியின் பலகையில் இருக்கிறது: நீளமான திருகை இறுக்கி, அது குழியின் அடியைத் தாண்டி, பலகையின் அடிப்பரப்பில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு புடைப்பு.

இரண்டு தகடு, எட்டு வாஷர், திருகு வேலை எல்லாம் சேர்த்து 2,800 ரூபாய் வாங்கினார். பொருளுக்கும் உழைப்புக்கும் அது குறைவு என்றே சொல்வேன்.

அந்த ஆண்டு பிப்ரவரியில் குடௌரியில் முதல் காலை. இரவு அழுத்திவிட்ட பனி, மேலே சீப்பு வாரியதுபோல் கோடுகள். குதிகால் பக்கம் முதல் திருப்பத்துக்குப் போனேன். பார்வையைத் திருப்பத்தின் முடிவுக்குக் கொண்டுபோனேன், நெஞ்சு பாதம் காட்டும் திசையில், கைகள் இரண்டும் பூட்ஸின் மேல்விளிம்புக்கு நேராக. பின்முழங்கால் மடங்கியது. இடுப்பு பின்னால் போகாமல் விளிம்புக்கு மேலேயே கீழிறங்கியது. அதிர்வு இல்லை, துணி கிழிபடுவதுபோன்ற ஒரே சீரான சத்தம் மட்டும். கீழே நின்று திரும்பிப் பார்த்தேன். விசிறியடித்த தடம் எங்கேயும் இல்லை; இரண்டு விரல் அகலத்தில் ஒரு சால் சரிவின் குறுக்கே போய், வளைந்து, திரும்பி வந்திருந்தது. என் தோழி அதன் ஓரத்தில் மண்டியிட்டுக் கையுறையைக் கழற்றி விரலை விட்டுப் பார்த்தாள். சுவர் கண்ணாடிபோல் இறுகியிருந்தது.

கார்விங் செய்பவர் சரிவின் முழு அகலத்தையும் எடுத்துக்கொள்கிறார், சில சமயம் மேல்நோக்கிக்கூட வளைந்து வருகிறார். பின்னால் வருபவருக்கு அது புரியாது. முன்னால் இருப்பவருக்கே முன்னுரிமை என்ற விதி இருந்தாலும் மோதிய பிறகு விதியைப் பேசிப் பயனில்லை. அதனால் நாங்கள் ஒவ்வொருவராகத்தான் இறங்குகிறோம். மேலே ஒருவர் நின்று, பின்னால் ஆள் வரவில்லை என்று கையை உயர்த்திய பிறகே அடுத்தவர். மதியம் பனி இளகிவிட்டால் பலகையைக் கழற்றிவிட்டு, கூடக் கொண்டுபோன குக்கரில் அரிசிம்பருப்பு வைத்துவிடுவோம்.

இனி விளிம்பு. அதே பயணத்தில் அங்கே ஒரு வாடகைக் கடையில் விளிம்பைத் தீட்டக் கொடுத்தேன். பெல்ட் இயந்திரத்தில் அழுத்தி ஓட்டி, ஒரு முழ நீளத்துக்கு எஃகு நீலம் பூத்துத் திரும்பி வந்தது. விளிம்பின் பக்கத்துக்கும் அடிப்பரப்புக்கும் இடையே 88 டிகிரி இருந்த கோணமும் போய்விட்டது. ஊருக்கு வந்து பட்டறையில் காட்டினேன். அவர் கிரைண்டரில் வைக்க மறுத்துவிட்டார். “சூடு ஏறினால் உள்ளே ஒட்டியிருக்கும் பசை விட்டுவிடும். கையால்தான் செய்ய வேண்டும்” என்று சொல்லி, அரத்தை 88 டிகிரியில் பிடித்துக்கொள்ளும் ஒரு அலுமினியக் கட்டையைச் செய்தார். பெவல் புரோட்ராக்டரில் வைத்துக் கோணத்தைச் சரிபார்த்துக் காட்டினார். அதில் ஒரு டிகிரியில் பன்னிரண்டில் ஒரு பங்கு வித்தியாசம்கூடத் தெரியும். கல்லில் அடிபட்ட ஓர் இடத்தில் அரம் கடிக்காமல் கீச்சென்று வழுக்கியது. அந்தச் சத்தத்தைக் கேட்டதுமே நிறுத்தி, அங்கே எஃகு இறுகிப்போயிருக்கிறது என்று வைரக்கல்லால் தேய்த்துவிட்டுப் பிறகு அரத்தை வைத்தார். இப்போது அந்தக் கட்டையை வைத்து விளிம்பை நானே தீட்டிக்கொள்கிறேன்.

குறைகளும் உண்டு. சொன்ன நாளில் வேலை முடிந்ததே இல்லை. ஒருமுறை பதினோரு நாள் தாமதம். முதல் தகட்டின் கீழ்விளிம்பில் பிசிறு எடுக்காமல் கொடுத்துவிட்டார், அது பலகையின் மேல்தோலைக் கீறிவிட்டது. வரைபடத்தைப் பாதுகாத்து வைக்கும் பழக்கம் இல்லை, நீங்கள்தான் கையில் வைத்திருக்க வேண்டும். ஆயுத பூஜைக்கு முன் ஒரு வாரமும் தீபாவளி முடியும் வரையும் போகவே வேண்டாம். அடிப்பரப்பில் குழி விழுந்தால் அதை அடைக்கும் பிளாஸ்டிக் வேலை அவருக்குப் பழக்கமில்லை. மெழுகு போடுவதும் அப்படியே. அந்த இரண்டையும் நான் வீட்டிலேயே செய்கிறேன். அடிப்பரப்பு குறுக்கே மட்டமாக இருக்கிறதா என்று மட்டும் அவரிடம் பார்த்துக்கொள்ளலாம். எஃகு மட்டச்சட்டத்தை வைத்து, ஜன்னல் பக்கம் திருப்பி, அடியில் எங்கே வெளிச்சம் கசிகிறது என்று காட்டுவார்.

போகிறவர்கள் பைண்டிங்கையும் பழைய திருகுகளையும் கட்டாயம் எடுத்துப்போங்கள். எத்தனை டிகிரி, எந்தப் பக்கம் உயரம் என்பதை எழுதிக் கொடுங்கள். காலை பத்து மணிக்கு முன்னால் போனால் நின்று பேச அவருக்கு நேரம் இருக்கும். பயணத்துக்கு ஒன்றரை மாதம் இருக்கும்போதே கொடுத்துவிடுவது நல்லது.

ஈரோட்டுத் தோழிக்கு மூன்று டிகிரி அதிகமாகப் படுகிறது, இரண்டு போதும் என்கிறாள். போன வாரம் அவளை அழைத்துக்கொண்டு போனேன். அவள் பூட்ஸைக் கழற்றுவதற்குள் மில்லிங்குக்குப் பின்னால் இருக்கும் சுவரில் சாக்கட்டியால் 3.490 என்று எழுதியிருந்தார்.