பட்டயப் படிப்பா, பிள்ளைகளோடு களமா?

வாள்வீச்சுப் போட்டிகளிலிருந்து பயிற்சியாளராக மாற நினைப்பவர்களுக்கு இரண்டு வழி: பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தின் (என்.ஐ.எஸ்) பயிற்சியாளர் பட்டயப் படிப்பு, இல்லையென்றால் விளையாடிக்கொண்டே பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவது. கேரளத்தில் பாலக்காட்டுப் பக்கக் கொழிஞ்சாம்பாறைக்காரியான நான் இரண்டாவதில்தான் தொடங்கினேன்.

படிப்பின் பலம் தெளிவு. வேலைக்குச் சான்றிதழ் கேட்பார்கள், உடலியங்கியலும் பயிற்சித் திட்டமும் முறையாகக் கற்கலாம்.

சரி, ஆனால் கை பழகுவது வேறு கதை. நான் ஆடும் சேபர் என்ற வாள்வகையில், மணிக்கட்டுக்குக் கீழே உள்ள கையைத் தவிர இடுப்புக்கு மேலே எங்கே பட்டாலும் புள்ளி, அதனால் வருஷக்கணக்கில் வெட்டு வாங்காமல் தப்பிக்கவே பழகிய உடம்பு, இப்போது எதிரே நிற்கும் 12 வயதுப் பெண் சரியான நொடியில் வரும்போது தோளைத் திறந்து கொடுக்க வேண்டும். முந்தித் திறந்தால் அவள் தப்பான நேரத்தையே பழகிவிடுவாள். முதல் மாதம் என் கை தானாகத் தடுத்துவிடும். அவள் முகமூடியைத் தூக்கி, "அக்கா, அடிக்க விடுங்க" என்பாள்.

இதைப் புத்தகத்தில் படிக்க முடியாது. சென்னையிலிருந்து கேரளத்தின் தலச்சேரியில் உள்ள இந்திய விளையாட்டு ஆணைய (சாய்) மையத்துக்கு வந்து பயின்ற வாள்வீச்சு வீராங்கனை பவானி தேவி 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆடியதிலிருந்து இந்தப் பக்கப் பிள்ளைகள் ஆசையோடு கேட்டு வருகிறார்கள். அவர்களுக்குக் கை பழகிய ஆள்தான் முதலில் தேவை. இரண்டு வருஷம் களம், அப்புறம் பாட்டியாலா: தங்கச்சிக்கும் இதையேதான் சொல்லியிருக்கிறேன்.